எக்ஸ்எம்எல்லில் தசம எண்: எந்த வழியில் எழுதுவது?

அமைப்புகள் தரவைப் பரிமாறும் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றில், தொகை வர வேண்டிய இடத்தில் 1234,5 என்று இருக்கிறது. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. ஜெர்மன் லோக்கேலில் (எண், தேதி போன்றவற்றை அந்த நாட்டு வழக்கப்படி எழுதும் அமைப்பில்) ஓடும் சர்வர் ஒன்று எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெறுகிறவர் ஸ்கீமாவை, அதாவது கோப்பில் எது எப்படி வர வேண்டும் என்ற விதிகளை, வைத்துச் சரிபார்த்தால் கோப்பு வாசலிலேயே திரும்பிவிடும். அது நல்ல காலம். சரிபார்க்காமல் நேராக எண்ணாக மாற்றினால்? மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் இன்வேரியன்ட் கல்ச்சரில் (எந்த நாட்டையும் சாராத நிலையான லோக்கேலில்) படிக்கும்போது காற்புள்ளி என்பது ஆயிரம் பிரிக்கும் குறி. அது சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறதா என்றுகூட அது பார்ப்பதில்லை. கையில் வருவது 12345. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது, தொகை மட்டும் பத்து மடங்கு. 1234,56 என்று இருந்திருந்தால் நூறு மடங்கு.

இந்தக் காற்புள்ளிக் கதை பலருக்கும் தெரியும். அதைச் சரிசெய்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல். காற்புள்ளி போன பிறகும் அறிவியல் குறியீடு (எண்ணைப் பத்தின் அடுக்கோடு எழுதுவது), ரவுண்டிங், கடைசிச் சுழியங்கள், முடிவிலி என்று ஒவ்வொன்றாக வரும். எண்ணை எழுத்தாக்கக் குறைந்தது ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன. எல்லாமே ஏதோ ஓர் இடத்துக்குப் பொருந்தும். நான் அவற்றை எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: எழுதும் அந்த வரி, எண்ணின் மதிப்பை மாற்றுகிறதா? மாற்றுகிறது என்றால் அந்த வழியை நான் நம்ப மாட்டேன். எத்தனை தசம இடம், எந்தப் பக்கம் ரவுண்டிங் என்பதெல்லாம் கணக்குப் பார்க்கும் இடத்தில் முடிந்திருக்க வேண்டும். எழுதும் இடத்துக்கு எழுதும் வேலை மட்டும்தான்.

ஸ்கீமா கேட்பது என்ன?

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் எக்ஸ்எம்எல் ஸ்கீமா தரவு வகைகள் 2001 மே மாதம் வந்தன. இரண்டாம் பதிப்பு 2004, 1.1 பதிப்பு 2012. தசம எண்ணுக்கு அதில் முக்கியமாக இரண்டு குடும்பங்கள். ஒன்று டெசிமல், மற்றது ஃப்ளோட்டும் டபுளும்.

டெசிமல் கறாரானது. முன்னால் கூட்டல் அல்லது கழித்தல் குறி வரலாம், 0 முதல் 9 வரையான இலக்கங்கள், நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆயிரம் பிரிக்கும் குறிக்கு இடமில்லை, பத்தின் அடுக்கைக் காட்டும் ‘இ’ எழுத்துக்கும் இடமில்லை. முன்னால் சுழியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை: 0.5, .5 இரண்டுமே செல்லும். 2.0, 2.00 இரண்டும் அதற்கு ஒரே மதிப்பு. காலியான எலிமென்ட் (கோப்பில் மதிப்பு உட்காரும் இடம்) செல்லாது. முடிவிலி என்ற பேச்சே கிடையாது.

டபுள் அப்படியல்ல. கணினிகள் தசம எண்ணைச் சேமிக்கும் ஐஇஇஇ 754 தரத்தின் 64 பிட் எண்ணை அப்படியே சுமக்க வந்தது அது. அடுக்குக் குறியீட்டை ஏற்கும். முடிவிலிக்கு ஐ, என், எஃப் என்ற மூன்று பெரிய எழுத்துகள் மட்டும். முழு ஆங்கிலச் சொல்லை எழுதினால் செல்லாது.

ஆக, ‘எக்ஸ்எம்எல்லுக்குச் சரியான வடிவம் எது’ என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லை. அந்த எலிமென்டுக்கு ஸ்கீமாவில் என்ன வகை போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். டெசிமல் என்று அறிவித்த இடத்தில் டபுளின் எழுத்து வடிவம் போய் உட்கார்ந்தால் பெரும்பாலான நாள் ஓடும். ஓடாத நாள் ஒன்று வரும்.

முதல் வழி: மொழி தருவதை அப்படியே எழுதுவது

எண்ணைச் சரமாக்கும் (எழுத்துத் தொடராக்கும்) இயல்பான செயற்கூறை அழைத்து, வந்ததை எழுதிவிடுவது. எளிது, பலரும் செய்வது. ஆனால் மொழிக்கு மொழி இது வேறு வேறு ஆள்.

டாட்நெட்டில் டூஸ்ட்ரிங் என்ற அந்தச் செயற்கூறு நடப்பு லோக்கேலைப் பார்க்கும். சரத்துக்குள் எண்ணைச் செருகும் டாலர் குறி எழுத்துமுறையும் அதையே பார்க்கும். இது பலர் கண்ணில் படுவதில்லை. சியில் பிரின்ட்எஃப் லோக்கேலுக்குக் கட்டுப்பட்டது. நம் கோடு லோக்கேலைத் தொடாவிட்டாலும், சேர்த்துக்கொண்ட வரைகலை லைப்ரரி ஒன்று தொடக்கத்திலேயே அதை மாற்றி வைத்திருக்கலாம். பிஎச்பியில் 8.0 பதிப்புக்கு முன் ஃப்ளோட்டைச் சரமாக்கினால் லோக்கேல் உள்ளே வரும், 8.0 முதல் வராது.

ஜாவாவும் பைத்தானும் இந்த விஷயத்தில் ஒழுங்கானவை: இயல்பான மாற்றத்தில் எப்போதும் புள்ளிதான். ஆனால் அங்கே வேறு பள்ளம் இருக்கிறது. ஜாவாவில் டபுளின் மதிப்பு ஒரு கோடியைத் தொட்டதும் அறிவியல் குறியீட்டுக்குத் தாவிவிடும். 9999999.5 ஒழுங்காக வரும்; 12345678 என்பது 1.2345678 என்று தொடங்கி, ‘இ’ போட்டு, 7 என்று முடியும். ஸ்கீமாவில் டெசிமல் என்றால் அந்தக் கோப்பு விழுந்துவிடும். சோதனைத் தரவில் சின்னத் தொகைகளாகவே வைத்திருந்தவர்களுக்கு இது முதல் பெரிய தொகை வரும் நாளில்தான் தெரியும். பைத்தானில் மேல்பக்கம் இந்த எல்லை 10-இன் 16-ஆம் அடுக்கு, கீழ்ப்பக்கம் 0.0001. ஜாவாஸ்கிரிப்டில் மேல் எல்லை 21-ஆம் அடுக்கு. முடிவிலியை இவற்றில் எதுவும் ஸ்கீமா கேட்கும்படி எழுதுவதில்லை.

இன்னொன்று. டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் டபுளை இயல்பாகச் சரமாக்கினால் 15 இலக்கம் வரைதான் வரும், 0.1 கூட்டல் 0.2 அங்கே 0.3 என்று அழகாக நிற்கும். டாட்நெட் கோர் 3.0 முதல் அதே வரி 0.30000000000000004 என்று எழுதும். கோடில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, தளத்தின் பதிப்பை மட்டும் உயர்த்தினோம், கோப்பு மாறிவிட்டது. இந்த வழியின் மீது எனக்கிருக்கும் பெரிய புகார் இதுதான். வடிவத்தை நாம் தேர்ந்தெடுக்கவே இல்லை. யாரோ தேர்ந்தெடுத்ததை வாங்கிக்கொண்டோம்.

லோக்கேலை நிரல் முழுவதற்கும் ஆங்கிலமாக மாற்றிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எக்ஸ்எம்எல் சரியாகும், திரையில் எண் பார்க்கும் பயனருக்குக் கெட்டுவிடும். தனியாக ஓடும் தொகுப்பு வேலை என்றால் செய்யலாம், வேறெங்கும் வேண்டாம்.

இரண்டாவது வழி: ஃபார்மட் சரமும் நிலையான லோக்கேலும்

‘0.00’ போன்ற ஒரு வடிவத்தைக் கொடுத்து, கூடவே இன்வேரியன்ட் கல்ச்சரையோ ரூட் லோக்கேலையோ கொடுப்பது. எண்ணை எப்படி எழுதுவது என்று கேட்டால் முதலில் வரும் பதில் இதுதான். காற்புள்ளி, அறிவியல் குறியீடு இரண்டும் ஒரே அடியில் போய்விடும். கோப்பைத் திறந்து பார்த்தாலும் கண்ணுக்கு ஒழுங்காக இருக்கும்.

ஆனால் நான் சொன்ன கேள்வியில் இது தோற்கிறது. இந்த வரி மதிப்பை மாற்றுகிறது. 0.0123 என்ற மாற்று விகிதம் 0.01 ஆகிவிடும், தொகைக்கு எழுதிய உதவிச் செயற்கூறை விகிதத்துக்கும் யாராவது பயன்படுத்தும் நாளில் இது நடக்கும். ரவுண்டிங் எந்த முறையில் நடக்கிறது என்பதும் அந்த வரியைப் பார்த்தால் தெரியாது. சி ஷார்ப்பில் 2.125 என்ற டெசிமலை இரண்டு இடத்துக்கு ஃபார்மட் செய்தால் 2.13, அதையே மேத் வகுப்பின் ரவுண்ட் செயற்கூறால் செய்தால் 2.12, ஏனென்றால் அது பாதியில் நிற்பதை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளும். ஜாவாவிலும் இதே கூத்து: 0.125 என்ற எண்ணை ஸ்ட்ரிங் ஃபார்மட் 0.13 என்று தரும், டெசிமல்ஃபார்மட் 0.12 என்று தரும். ஒரே மொழி, ஒரே எண், இரண்டு விடை. திரையில் ஒன்றும் எக்ஸ்எம்எல்லில் இன்னொன்றும் வந்தால் யாரைக் குற்றம் சொல்வது?

இது கூட்டுத்தொகையில் எப்படிக் கடிக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். விலைப்பட்டியலில் மூன்று வரிகள், ஒவ்வொன்றும் 33.335. மொத்தம் 100.005. எழுதும்போது இரண்டு இடத்துக்கு ஃபார்மட் செய்கிறோம், பாதியை மேலே தள்ளும் முறையில். வரிகள் ஒவ்வொன்றும் 33.34, மொத்தம் 100.01. பெறுகிறவர் மூன்று வரியையும் கூட்டிப் பார்க்கிறார்: 100.02. கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்புகிறார். இரட்டைப்படைப் பக்கம் தள்ளும் முறை என்றால் இன்னும் மோசம்: வரிகள் அதே 33.34, மொத்தம் 100.00. ஸ்கீமா சரிபார்ப்பு இரண்டையும் சந்தோஷமாக ஏற்கும். அதற்குக் கூட்டத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் கணக்கிலேயே இரண்டு இடத்துக்குக் கொண்டுவந்து, அந்த 33.34-களைக் கூட்டி மொத்தம் எடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை. எந்த ஃபார்மட் சரமும் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் தவறு அங்கே இல்லை.

சின்னச் சின்ன முட்களும் உண்டு. சி ஷார்ப்பில் தேவையற்ற சுழியம் வேண்டாமே என்று ‘#.##’ என்று கொடுத்தால், மதிப்பு 0 ஆகும்போது வருவது காலிச் சரம். டெசிமல் வகை எலிமென்டில் காலிச் சரம் செல்லாது என்று மேலே பார்த்தோம். மதிப்பு -0.004 என்றால் பல மொழிகளில் -0.00 என்று வரும். ஸ்கீமாவுக்கு அது செல்லும், படிக்கும் மனிதருக்கு மட்டும் ஒரு கணம் குழப்பம்.

மூன்றாவது வழி: எக்ஸ்எம்எல் லைப்ரரியின் சொந்த மாற்றி

பலருக்கும் கையருகே இருந்தும் கண்ணில் படாதது இது. டாட்நெட்டில் எக்ஸ்எம்எல்கன்வெர்ட் என்ற வகுப்பே இதற்காக இருக்கிறது. லோக்கேலைப் பார்க்காது, முடிவிலியை ஸ்கீமா கேட்கும் மூன்றெழுத்தில் எழுதும், டபுளைத் திரும்பப் படித்தால் அதே எண் கிடைக்கும் அளவுக்கு இலக்கம் கொடுக்கும். எக்ஸ்எம்எல்ரைட்டரின் ரைட்வேல்யூவும், லிங்க் என்ற டாட்நெட் வசதி வழியாக எக்ஸ்எலிமென்ட் கட்டும்போது எண்ணையே நேராகக் கொடுப்பதும் உள்ளே இதைத்தான் பயன்படுத்துகின்றன. எண்ணைக் கொடுங்கள், சரமாக்கிக் கொடுக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் முன்கூட்டியே டூஸ்ட்ரிங் போட்டுக் கொடுப்பவர்தான் காற்புள்ளியை உள்ளே விடுகிறவர்.

ஜாவாவில் ஜாக்ஸ்பி என்ற லைப்ரரி இந்த வேலையைச் செய்யும். பிக்டெசிமல் புலத்தை அடுக்குக் குறியீடு இல்லாமல் எழுதும். ஜாவாவின் தொகுப்பான ஜேடிகே 11 முதல் அது கூடவே வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். பைத்தானின் எக்ஸ்எம்எல் லைப்ரரியான எலிமென்ட்ட்ரீயில் இப்படி எதுவும் கிடையாது: எலிமென்டின் உரையாகச் சரம்தான் கேட்கும், ஃப்ளோட்டை வைத்தால் எழுதும்போது பிழை தரும். அங்கே நாமே ஒரு சிறு மாற்றி எழுதிக்கொண்டு, எல்லா எண்ணும் அதன் வழியாகவே போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியில் மதிப்பு மாறுவதில்லை. அது பெரிய பலம். பலவீனமும் அதேதான். உள்ளே 0.30000000000000004 இருந்தால் வெளியிலும் அதுவே வரும். அதைப் பார்த்து ‘லைப்ரரி கெடுத்துவிட்டது’ என்பார்கள். லைப்ரரி உண்மையைச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு இடம்தான் வேண்டும் என்றால் அதைக் கணக்கில் செய்துவிட்டு இங்கே வாருங்கள்.

டபுளுக்கு இதில் இன்னொரு கண்ணி உண்டு. மிகச் சிறிய மதிப்பு அடுக்குக் குறியீட்டில் வரும், டாட்நெட்டில் 0.00001 அப்படித்தான். ஸ்கீமாவில் டபுள் என்றால் முழுக்கச் சட்டப்படி சரி. ஆனால் அந்தக் கோப்பு, எக்ஸ்எம்எல்லை வேறு வடிவமாக்கும் எக்ஸ்எஸ்எல்டி 1.0 வழியாகப் போனால்? அதன் அடியில் இருக்கும், கோப்புக்குள் தேடி எடுக்கும் மொழியான எக்ஸ்பாத் 1.0-க்கு அடுக்குக் குறியீடு தெரியாது. எண்ணாக மாற்றச் சொன்னால் ‘இது எண்ணே அல்ல’ என்ற மதிப்பைத் தரும், அதோடு கூட்டும் எல்லாமும் அதுவே ஆகிவிடும். அறிக்கையின் மொத்தத்தில் எண்ணுக்குப் பதில் மூன்று எழுத்து அச்சாகியிருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

நான்காவது: முதலிலிருந்தே தசம வகை

சி ஷார்ப்பின் டெசிமல், ஜாவாவின் பிக்டெசிமல், பைத்தானின் டெசிமல். தரவுத்தளத்திலிருந்து எடுக்கும்போதே இந்த வகையில் எடுத்து, கணக்கு எல்லாம் இதிலேயே செய்து, எழுதும்போது மூன்றாவது வழியில் எழுதுவது. ஆக இது மூன்றாவதற்குப் போட்டி இல்லை, அதற்கு முன்னால் வரும் பாதி.

பணத்துக்கு இதை விட்டால் வேறு வழியை நான் சொல்ல மாட்டேன். 2.675 என்ற எண் டபுளில் உண்மையில் 2.67499999 என்று போகும் ஓர் எண். இரண்டு இடத்துக்குக் கொண்டுவந்தால் 2.67, கையால் கணக்குப் போட்டவர் எதிர்பார்ப்பது 2.68. தசம வகையில் 2.675 என்றால் 2.675 தான்.

மாறிக்கொள்ளும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஜாவாவில் 0.1 என்ற டபுளை நேராக பிக்டெசிமலின் கட்டமைப்பியில் போட்டால் 0.1000000000000000055 என்று தொடங்கி 55 தசம இடம் வரும். சரத்திலிருந்து உருவாக்குங்கள், அல்லது வேல்யூஆஃப் பயன்படுத்துங்கள். அதேபோல பிக்டெசிமலின் சாதாரண டூஸ்ட்ரிங் 0.0000001 போன்றவற்றை அடுக்குக் குறியீட்டில் எழுதும். கடைசிச் சுழியங்களை நீக்கும் செயற்கூறை 100-இன் மீது ஓட்டினால் ஒன்றும் ‘இ’யும் கூட்டல் 2-ம் கிடைக்கும். டூபிளெயின்ஸ்ட்ரிங் என்று தனியாக ஒன்று இருப்பதே இதற்காகத்தான். பைத்தான் டெசிமலுக்கும் இதே நோய். அங்கே ‘எஃப்’ வடிவம் கொடுத்தால் தீரும்.

ஐந்தாவது: முழு எண்ணாக்கி எழுதுவது

12.50-ஐ 1250 என்று எழுதிவிட்டால் புள்ளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை. ஜேசன் என்ற தரவு வடிவத்தில் இதற்கு நியாயம் உண்டு, அங்கே எண்ணைப் படிப்பவர் டபுளாக்கிவிடக்கூடும். எக்ஸ்எம்எல்லில் எண் எப்படியும் எழுத்தாகவே பயணிக்கிறது, ஸ்கீமாவில் டெசிமல் என்றால் துல்லியம் குறையாது. அதனால் இந்தச் சுற்றுவழியின் லாபம் இங்கே சொற்பம். நட்டமோ நிஜம்: ஜப்பானிய யென்னுக்குத் தசம இடமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று. 1250 என்பது எத்தனை என்று அறிய நாணயக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். பழைய அமைப்பு ஒன்று ஏற்கெனவே இப்படிக் கேட்டால் ஒழிய இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

யாருக்கு எது?

பணம் என்றால் நான்காவதும் மூன்றாவதும் சேர்ந்து. ஸ்கீமாவில் மொத்த இலக்கமும் தசம இலக்கமும் எத்தனை என்று வரம்பு போட்டுவிடுங்கள். வங்கிகள் பரிமாறும் ஐஎஸ்ஓ 20022 செய்திகளில் தொகைக்கு மொத்தம் 18, தசமம் 5 என்ற வரம்பு இருக்கிறது. வரம்பு ரவுண்டிங் செய்யாது, மீறினால் நிராகரிக்கும். அதுதான் வேண்டும்: கணக்கில் ரவுண்டிங்கை மறந்தவர் சத்தமாக மாட்டிக்கொள்வார்.

கருவிகள் அளந்த வெப்பநிலை, அழுத்தம், சமிக்ஞை போன்றவை பிறப்பிலேயே டபுள். அவற்றை டெசிமலாக்கி அழகு பார்க்க வேண்டியதில்லை. ஸ்கீமாவிலும் டபுள் என்றே அறிவித்து, மூன்றாவது வழியில் முழு இலக்கத்தோடு எழுதுங்கள். கோப்பு கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான்.

புவி ஆயங்கள் தனி ரகம். பயணப் பாதைகளைப் பதியும் ஜிபிஎக்ஸ் வடிவத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் டெசிமல் வகை, அதனால் அடுக்குக் குறியீடு கூடாது. பூஜ்ஜியத் தீர்க்கரேகையை ஒட்டிய இடத்தில் டபுளை இயல்பாக எழுதினால் அது வந்து நிற்கும். வரைபடங்களுக்கான கேஎம்எல் வடிவத்தில் இன்னும் வேடிக்கை: தீர்க்கரேகை, அட்சரேகை, உயரம் மூன்றையும் பிரிப்பதே காற்புள்ளி. 77.5,12.9 என்று போக வேண்டியது 77,5,12,9 என்று போனால் அட்சரேகை 5, உயரம் 12. பிழையே வராது, புள்ளி வேறு ஊரில் விழும். ஆயங்களுக்கு மட்டும் நான் இரண்டாவது வழிக்குச் சம்மதிப்பேன்: நிலையான லோக்கேலும் ஏழு தசம இடமும். ஏழாவது இடம் தரையில் ஒரு சென்டிமீட்டர் அளவு. அதற்குக் கீழே போவதை இழந்தாலும் சாதாரண வழிகாட்டிக் கருவிக்கு எதுவும் குறையாது. மதிப்பு மாறத்தான் செய்கிறது, ஆனால் எவ்வளவு மாறுகிறது என்று நாம் அறிந்தே விட்டுக்கொடுக்கிறோம்.

டிஜிட்டல் கையொப்பம் இடப்பட்ட ஆவணம் என்றால் கடைசிச் சுழியம்கூட முக்கியம். ஸ்கீமாவுக்கு 1.5-ம் 1.50-ம் ஒன்றுதான். கையொப்பத்துக்கு முன், ஆவணத்தை ஒரே சீரான எழுத்து வடிவுக்குக் கொண்டுவரும் கேனானிக்கல் மாற்றம் எண்களைத் தொடுவதே இல்லை. அதற்கு இரண்டும் வேறு வேறு எழுத்து, அந்த எழுத்துகளிலிருந்து கணக்கிடும் ஹாஷ் என்ற சுருக்க மதிப்பும் வேறு. கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல்லைப் படித்து, எண்ணாக்கி, மறுபடி எழுதினால் கையொப்பம் உடைய இதுவே போதும். சி ஷார்ப் டெசிமல் தன் கடைசிச் சுழியங்களை நினைவில் வைத்திருக்கும் என்பதால், தரவுத்தளத்தில் நான்கு தசம இடம் கொண்ட நெடுவரிசையிலிருந்து வந்த 12.5, எக்ஸ்எம்எல்லில் 12.5000 என்று இறங்கும். ஒப்பிடும் இடத்தில் எண்ணாக ஒப்பிட்டால் கவலையில்லை. சரமாக ஒப்பிடும் எக்ஸ்பாத் வரி ஒன்று எங்காவது இருந்தால் அது பொய் சொல்லும்.

எந்த வழியை எடுத்தாலும் சோதனையை மூன்று லோக்கேல்களில் ஓட்டிப் பாருங்கள். காற்புள்ளிக்கு ஜெர்மன். கழித்தல் குறிக்கு ஸ்வீடிஷ்: புதிய டாட்நெட் பதிப்புகளில் அந்த லோக்கேல் எதிர்ம எண்ணுக்கு விசைப்பலகையின் சாதாரணக் கோட்டை எழுதாமல் யூனிகோடின் 2212 என்ற தனிக் குறியை எழுதும், கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஸ்கீமா மட்டும் ஏற்காது. இலக்கங்களுக்கு அரபு: ஜாவாவின் ஸ்ட்ரிங் ஃபார்மட் சில அரபு லோக்கேல்களில் 0 முதல் 9 வரையான இலக்கங்களையே விட்டுவிட்டு அரபு இலக்கங்களை எழுதும். மதிப்புகளில் 0, -0.004, 0.0000001, 12345678.9, 33.335 இவை போதும். எழுதியதைத் திரும்பப் படித்து, படித்த மதிப்பும் எழுதிய மதிப்பும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு அதே கோப்பை ஸ்கீமாவிடம் காட்டுங்கள்.